மேகம் பிடிக்கும் சோப்பு டப்பா

செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வாருங்கள். மூன்றாவது படி ஆடும், பார்த்துக் கால் வையுங்கள். மேலே ஏறியதும் இடது பக்கம் மிளகாய் காய்கிறது. மிதித்துவிட்டால் பெரியம்மா உங்களைத் திட்டமாட்டார், விருந்தாளி என்று விட்டுவிடுவார். அத்தனையும் சேர்த்து எனக்குத்தான் விழும்.

இதுதான் எங்கள் தட்டட்டி. கைப்பிடிச் சுவரோரம் செங்கல் மேல் வெளிறிய பச்சை நிறத்தில் ஒரு சோப்பு டப்பா உட்கார்ந்திருக்கிறதே, அதைப் பார்க்கத்தான் உங்களைக் கூட்டி வந்தேன். ஐயோ, குனியாதீர்கள்! உங்கள் தலையை அது மேகம் என்று எழுதிவிடும்.

விளையாட்டில்லை. போன வாரம் டப்பாவின் கண் மேல் ஒரு பல்லி வந்து படுத்துக்கொண்டது. நட்சத்திரம் கொட்டிக் கிடந்த இரவு அது. ஆனால் எங்கள் கணக்கில் முக்கால் மணி நேரம் வானம் முழுக்க மூட்டம். பல்லி விழுந்த பலன் பஞ்சாங்கத்தில் உண்டு. பல்லி படுத்த பலனை நாங்கள்தான் முதலில் எழுதியிருப்போம்.

திருவேங்கடம் என்றதும் வெளியூர்க்காரர்கள் திருப்பதிப் பக்கமா என்பார்கள். இல்லை, இது கரிசல் காடு. சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் சிவகாசிக்கும் நடுவே, தென்காசி மாவட்டத்தின் வடகிழக்கு மூலை. 2019 நவம்பர் 22-ஆம் தேதி தென்காசி தனி மாவட்டமான பிறகும் நாங்களும் குற்றாலமும் ஒரே மாவட்டத்துக்காரர்கள். பெயரளவில்தான். ஆனி, ஆடியில் அங்கே மேகம் மலையை விட்டு இறங்கி ஆட்களின் தோளில் கை போட்டு நடக்கும். எங்களுக்கு மேலே அதே மேகம் கிழக்கே பஸ் பிடிக்கப் போகிறவனைப்போல ஓடும். நின்று ஒரு சொட்டு போட்டால் என்ன? போடாது. மானம் பார்த்த பூமி என்று இந்த ஊரைச் சும்மா சொல்லவில்லை. பார்த்துப் பார்த்தே கழுத்து வலித்த ஊர்.

ஆகவே, அப்படி ஓடுகிற மேகத்தை ஒரு கணக்கிலாவது பிடித்து வைப்போம் என்று நானும் சித்தி மகனும் முடிவு செய்தோம். அவன் பாலிடெக்னிக் படிக்கிறான். சால்டரிங் அவன் வேலை, வாய் என் வேலை.

முதலில் எடுத்த வழி எல்லோருக்கும் தோன்றுகிற வழிதான். மேகம் வந்தால் வெளிச்சம் குறையும். அப்படியானால் வெளிச்சத்தை அளந்தால் போயிற்று. பத்து ரூபாய்கூட ஆகாத எல்டிஆர் என்ற ஒளியுணரி ஒன்றை வெயிலில் வைத்தோம். ஒரு துண்டு வெள்ளை மேகம் சூரியனுக்கு நேராக வந்தால் வானமே மூடிவிட்டது என்றது. அதே துண்டு சூரியனுக்கு அரையடி தள்ளிப் போனால் மேகமே இல்லை என்று சாதித்தது. சாயங்காலம் ஆறரைக்குப் பிறகு கேட்கவே வேண்டாம், தினமும் முழு மூட்டம். அதை அப்படியே ஓரம் கட்டினோம்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. மேகத்தைக் கண்ணால் தேடக் கூடாது, சூட்டால் தேட வேண்டும்.

இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், கொஞ்சம் நின்று சொல்கிறேன். சூடுள்ள எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியை விட்டுக்கொண்டே இருக்கிறது. சுவர், மாடு, மிளகாய், நீங்கள், நான், எல்லாமே. சிவப்புக்கு அப்பால் இப்படி ஒன்று இருக்கிறது என்று 1800-இல் கண்டுபிடித்தவர் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலாளர். பட்டகத்தில் வெயிலைப் பிரித்து, சிவப்பு முடிந்து இருட்டாக இருந்த இடத்தில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார்; பாதரசம் ஏறியது. அந்த அகச்சிவப்பு ஒளியில் 8 முதல் 14 மைக்ரான் வரையுள்ள அலைகளைக் காற்று அவ்வளவாகத் தடுப்பதில்லை. அது காற்றுமண்டலத்தின் ஜன்னல். மேகமில்லாத இரவில் பூமியின் சூடு இந்த ஜன்னல் வழியாகத்தான் வெளியே கொட்டிப்போகிறது. மேகம் வந்தால் ஜன்னலில் திரை விழுந்த மாதிரி. கீழே இருந்து அண்ணாந்து பார்க்கும் கருவிக்கு, தெளிந்த வானம் சில்லென்று தெரியும். தாழ்ந்த மேகம் வெதுவெதுப்பாகத் தெரியும்.

பெரியம்மாவிடம் இதை ஆர்ப்பாட்டமாக விளக்கினேன். "மப்பா கெடந்தா புழுங்கும், மானம் தெளிஞ்சா பனி எறங்கும். இதுக்கா இம்புட்டு வயரு?" என்றார். வயர் கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

கருவியின் கண் இதோ, என் சுண்டுவிரல் நகம் அளவு. எம்எல்எக்ஸ் 90614 என்று பெயர், மெலெக்சிஸ் நிறுவனத்தின் சரக்கு. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே துப்பாக்கி நீட்டினார்களே, அந்த ஜாதி. குட்டித் தகர டப்பிக்குள் மெல்லிய சவ்வு. அதன் மேல் இரண்டு வேறு பொருள்கள் சேரும் நுண்ணிய முனைகள் வரிசையாக. மேலே விழும் வெப்பத்தில் சவ்வு துளி சூடானால், அந்த முனைகளில் ஒரு துளி மின்னழுத்தம் பிறக்கும். நீட்டிய இடத்தைத் தொடாமலே அதன் சூடு என்ன என்று 0.02 டிகிரி நுணுக்கத்தில் எண்ணாகச் சொல்லும். நெற்றிக்கு நீட்டியதை நாங்கள் வானத்துக்கு நீட்டினோம், அவ்வளவுதான் எங்கள் கண்டுபிடிப்பு. அதுகூட எங்களுடையது இல்லை. வானியல் ஆர்வலர்கள் தொலைநோக்கியை மழையிலிருந்து காப்பாற்ற ரொம்ப நாளாக இதே வித்தையைத்தான் செய்கிறார்கள்.

முதல் தடவை நீட்டியது ஒரு மத்தியான நேரம். கால் வைக்க முடியாத தட்டட்டி, கொதிக்கிற காற்று, ஒரு பொட்டு மேகமில்லாத நீலம். சித்தி மகன் லேப்டாப்பைத் துண்டால் மூடிக்கொண்டு திரையைப் பார்க்கிறான். "அண்ணே, இது ரிப்பேரு" என்றான். காற்றின் சூட்டைவிட இருபது டிகிரிக்கும் அதிகமாகக் கீழே இறங்கி நின்றது எண். பக்கத்துச் சுவரைக் காட்டினால் எகிறுகிறது, வானத்தைக் காட்டினால் விழுகிறது. சுவர், வானம், சுவர், வானம். ரிப்பேர் இல்லை! வறுத்தெடுக்கும் எங்கள் ஊருக்கு நேர் மேலே இப்படி ஒரு ஐஸ்பெட்டி திறந்து கிடக்கிறது என்று இத்தனை வருஷம் யாரும் சொல்லவில்லையே என்று எனக்கு ஒரே ஆத்திரம், சந்தோஷம் இரண்டும். கால் சுடுவதை மறந்து அரை மணி நேரம் ஆடினோம்.

பிறகுதான் அவமானங்கள் ஆரம்பம்.

மழைக்கும் தூசிக்கும் கண்ணைக் காப்பாற்ற ஒரு மூடி வேண்டும். நல்ல தெளிந்த கண்ணாடித் துண்டு ஒன்றை அளவாக வெட்டி ஒட்டினேன், பார்க்கக் கைக்கடிகாரம் போல அழகு. அதோடு வானம் செத்துவிட்டது. எங்கே திருப்பினாலும் ஒரே எண். காரணம் தெரியாமல் இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் சித்தி மகன் ஆவி பறக்கும் காப்பித் தம்ளரைக் கொண்டுவந்து கண்ணாடிக்கு முன்னால் வைத்தான். எண் அசையவில்லை. கண்ணாடியை எடுத்தான். எண் எகிறியது. கண்ணாடியை வைத்தான். சடாரென்று இறங்கியது. நம் கண்ணுக்குப் பளிங்காகத் தெரியும் கண்ணாடி, இந்த ஒளிக்குச் செங்கல் சுவர். கருவி இரண்டு நாளாக விசுவாசமாக அளந்தது கண்ணாடியின் சூட்டை.

அப்படியானால் எது வழிவிடும்? ஜெர்மேனியம் வழிவிடும், விலையைக் கேட்டால் மயக்கம் வரும். பாலித்தீன் வழிவிடும். கையில் கசக்கினால் கரகரவென்று சத்தம் போடுமே, அந்தப் பழைய கேரி பேக், அது அருமையாக வழிவிடும். நம் கண்ணுக்கு மங்கல், அகச்சிவப்புக்குத் திறந்த கதவு. ஆனால் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அந்தப் பைக்குத் தடை. நல்ல தடைதான், வாய்க்காலெல்லாம் கொஞ்சம் மூச்சு விடுகிறது. எனக்குத்தான் அன்றைக்கு அவசரம். பழைய கல்யாண ஜவுளிக் கவர்களையெல்லாம் குடைந்து பார்த்தோம். பளபளப்பாக இருந்தவை சரிப்படவில்லை. சோடா பாட்டிலை வெட்டி வைத்தால் அது கண்ணாடிக்குத் தம்பி. கடைசியில் பெரியம்மாவின் டிரங்குப் பெட்டி அடியில், பத்திரங்களைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த பை ஒன்று கரகரத்தது! வீட்டுப் பத்திரத்தின் போர்வைதான் இப்போது நீங்கள் பார்க்கும் ஜன்னல். காப்பித் தம்ளர் பரீட்சையில் உடனே பாஸ். வெயிலில் சில மாதத்தில் நொறுங்கிப்போகும், மாற்ற வேண்டும். பத்திரங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன.

அடுத்து, மழைச் சாரல் படாமலிருக்க மூன்று இன்ச் பிவிசி பைப்புக்குள் டப்பாவை இறக்கினோம். கருவிக் கண்ணின் பார்வை கூம்புபோல விரியும், சாதா வகை கிட்டத்தட்ட 90 டிகிரி. ஆகவே பைப்பின் உள்சுவரையே மேகம் என்று எழுதித் தள்ளியது. பைப்பைக் கழற்றினோம். இப்போது பக்கத்து வீட்டுக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி பார்வை ஓரத்தில் தலை காட்டியது. மத்தியானம் தொட்டி கொதிக்கக் கொதிக்க எங்களுக்கு மூட்டம் கூடிக்கொண்டே போனது. தட்டட்டி முழுக்கச் செங்கலைத் தூக்கிக்கொண்டு இடம் தேடினோம். எதிர்வீட்டில் வாஸ்து பார்க்கிறோம் என்றே நினைத்திருப்பார்கள்.

காற்றின் சூட்டை அளக்கத் தனி வெப்பமானி வேண்டும். சென்சாரின் தகர உடம்பு வெயிலில் காய்ந்துவிடுவதால், அது தானே சொல்லும் சூட்டை நம்பக் கூடாது. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் பிளாஸ்டிக் தட்டுகள் ஆறைக் கவிழ்த்து, இடைவெளி விட்டு, நீளமான போல்ட்டில் கோத்திருக்கிறோமே, பார்த்தீர்களா? உள்ளே நிழல், ஆனால் காற்று புகுந்து வரும். வானிலை நிலையங்களில் நிற்கும் வெள்ளை மரப்பெட்டியின் ஏழைச் சொந்தக்காரன் இது. அந்தப் பெட்டியை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கம் கட்டிய பொறியாளர். 'டிரெஷர் ஐலண்ட்' எழுதிய ஸ்டீவன்சனின் அப்பா. பிள்ளை கடல் கொள்ளையரைப் பற்றி எழுதினார், அப்பா நிழலுக்குப் பெட்டி செய்தார். எனக்கு அப்பாவைத்தான் பிடித்திருக்கிறது, இப்போதைக்கு.

கருவி சொல்வது சரிதானா என்று எப்படித் தெரியும்? மலைக்கு அந்தப் பக்கம் பீர்மேட்டில் 1918-இல் பிறந்த அன்னா மணியை நினைக்காமல் இந்த வேலை ஓடாது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்து, 1948-இல் புனேயில் வானிலைத் துறைக்கு வந்தவர். வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த வானிலைக் கருவிகளை இங்கேயே செய்ய வைத்தவர், ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுச் சரி பார்ப்பதில் கண்டிப்பானவர். நாங்கள் அவர் பெயரைச் சொல்லி சர்பத் கடையில் ஐஸ் வாங்கி, நொறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, வாய் அகன்ற பாத்திரத்தில் கலக்கினோம். ஐஸும் தண்ணீரும் சேர்ந்திருக்கும்வரை அது பூஜ்யம் டிகிரி, யாரும் ஏமாற்ற முடியாது. கண்ணை அதன் மேல் கவிழ்த்தால் பூஜ்யத்துக்கு ஒட்டி வர வேண்டும். வந்தது, ஒரு டிகிரிக்குள் பிசகோடு. மிச்ச ஐஸில் சர்பத்.

சூடு கிடைத்தது, அதை மேகக் கணக்காக எப்படி மாற்றுவது? வானிலைக்காரர்கள் வானத்தை எட்டுப் பங்காக வைத்து, எத்தனை பங்கில் மேகம் என்று ஆக்டாவில் சொல்வார்கள். பூஜ்யம் என்றால் துடைத்த வானம், எட்டு என்றால் முழு மூட்டம். இதைப் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே எழுதுகிறார்கள் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் ஆக்டாமானி அதோ, மூலையில். பளபளவென்று தேய்த்த எவர்சில்வர் கிண்ணம், கவிழ்த்து வைத்து அடிப்பக்கத்தில் மார்க்கரால் எட்டுக் கோடு. மேலிருந்து பார்த்தால் முழு வானமும் அதற்குள் சுருண்டு கிடக்கும். நடுவில் பூதாகாரமான மூக்கோடு நீங்கள். மூக்கைக் கழித்துவிட்டு மேகத் துண்டுகளை எண்ணி நோட்டில் எழுத வேண்டும், பக்கத்திலேயே டப்பா சொன்ன எண்ணையும். இப்படி இரண்டு மாதம். கிண்ணம் சமையல்கட்டில் காணாமல்போன வழக்கு தனி.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், தலை சுற்றாது. காற்று 30 டிகிரி, அதிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் பனிநிலை 22 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டிகிரி இடைவெளிக்கும் மேகத்தின் அடி 125 மீட்டர் உயரும் என்பது தோராயக் கணக்கு, அதன்படி எட்டுக்கு ஆயிரம் மீட்டர். மேலே போகும் காற்று அந்த ஒரு கிலோமீட்டரில் பத்து டிகிரி அளவுக்குக் குளிரும். ஆக, மேகத்தின் அடிவயிறு 20 டிகிரியை ஒட்டி இருக்கும். டப்பா 20-க்குப் பக்கத்தில் சொன்னால் தலைக்கு மேல் கனத்த மேகம், ரொம்பக் கீழே சொன்னால் வெட்டவெளி. இடைப்பட்டால் கிழிசல் மேகம். ஒரே ஒரு திருடன் மட்டும் தப்பிப்பான்: பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் இறகுபோலப் படரும் வெண்மேகம். அது பனித்துகள், தானே உறைந்து கிடக்கிறது, மெல்லியது வேறு. டப்பா அதை வானமென்றே எண்ணிவிடும்.

இன்னொரு தொல்லை நீராவி. ஐப்பசியில் கொண்டல் காற்று கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும்போது, மேகமே இல்லாவிட்டாலும் வானம் அவ்வளவு சில்லென்று இருக்காது. கண்ணுக்குத் தெரியாத ஆவியே கொஞ்சம் சூட்டைத் திருப்பி அனுப்புகிறது. எங்களுக்கு இது தொல்லை, அமெரிக்காவில் டெக்சாஸ் ஆசாமி ஒருவருக்கு இதுவே புதையல். ஃபாரஸ்ட் மிம்ஸ், பட்டம் பெற்ற விஞ்ஞானி இல்லை, மின்னணுப் புத்தகங்கள் எழுதியவர். கடையில் விற்கும் அகச்சிவப்பு வெப்பமானியை வானத்துக்கு நீட்டியே மேலே மொத்தம் எவ்வளவு நீராவி இருக்கிறது என்று கணிக்கலாம் என 2011-இல் அமெரிக்க வானிலைச் சங்கத்தின் இதழில் எழுதினார். கையால் செய்த கருவியில் ஓசோனை அளந்து, நாசா செயற்கைக்கோளின் கணக்கு விலகுவதைக் காட்டியவரும் அவர்தான். சித்தி மகன் அவர் படத்தை லேப்டாப் பின்புறம் ஒட்டியிருக்கிறான்.

சரி, குற்றாலம் கதைக்கு வருகிறேன். இரண்டாவதாக ஒரு டப்பா செய்தோம், அதை ஆடியில் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சங்கரன்கோவில், தென்காசி என்று பஸ் மாறி மாறிப் போனேன். வழியெல்லாம் காற்றாலைகள் மேற்கே முகம் வைத்துச் சுற்றுகின்றன. செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று பிதுங்கிக்கொண்டு வருகிறது. விடுதி மாடியில் டப்பாவை வைக்க அனுமதி கேட்டபோது விடுதிக்கார அண்ணாச்சி ஒரே கேள்விதான் கேட்டார்: "மழை வருமான்னு சொல்லுமா?" அவர் சட்டை அப்போது சாரலில் நனைந்திருந்தது.

இந்தக் கேள்வியை நான் ஊரிலும் கேட்காத நாளில்லை. "சொல்லாது அண்ணாச்சி, மேகம் இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லும்." "அதுக்கு நிமிந்து பாத்தா போதாதா?" "ராத்திரி ரெண்டு மணிக்கு நிமிந்து பாப்பீகளா?" இதற்கு மேல் யாரும் பேசுவதில்லை. யோசிப்பார்கள், எனக்கு எதற்கு ராத்திரி இரண்டு மணிக்கு மேகம் என்று.

குற்றாலத்தில் அன்று டப்பா சொன்ன எண்ணும் காற்றின் சூடும் தோளோடு தோள் உரசின, நாலைந்து டிகிரிதான் வித்தியாசம். மேகத்துக்கு அடியில் இல்லை, கிட்டத்தட்ட மேகத்துக்குள் இருந்தோம். ஜன்னலில் சாரல் பொட்டுப் பொட்டாக ஒட்டி மீதிக் கணக்கையும் கெடுத்தது. அதே சாயங்காலம் திருவேங்கடத்து டப்பாவின் கோடு போனில் வந்தது. ரம்பப் பல்! ஏறுகிறது, விழுகிறது, ஏறுகிறது, விழுகிறது. ஒவ்வொரு ஏற்றமும் எங்கள் வீட்டுக்கு மேலே ஓடிய ஒரு மேகம், ஒவ்வொரு பள்ளமும் நடுவில் தெரிந்த நீலம். மலையேறிக் குளிர்ந்து கொட்டிய காற்று இந்தப் பக்கம் இறங்கும்போது நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் சூடாகிறது. துளிகள் மறுபடி ஆவியாகி, மேகம் கந்தலாகி எங்களுக்கு வந்து சேர்கிறது. சின்ன வயதிலிருந்து கண்ணால் பார்த்த ஏமாற்றம், பல் பல்லாக வரைபடத்தில். அருவிக்கரையில் நின்று அதைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மேகத்துக்காக இப்படிக் கிறுக்குப் பிடித்தவர்கள் நாங்கள் மட்டுமில்லை என்பதில் ஒரு நிம்மதி. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே முழு வானத்தையும் ஒரே படமாக எடுக்கும் கேமரா உண்டு. நட்சத்திரம் எடுக்க இல்லை; சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் விடும் மங்கலான பச்சை ஒளியையும், அதற்கு மேலே இருநூற்றைம்பது கிலோமீட்டரை ஒட்டிய சிவப்பு ஒளியையும் பிடிக்க. நிலாவும் கூடாது, மேகமும் கூடாது. இரண்டும் இல்லாத இரவுக்கு அவர்கள் காத்திருக்கிறார்கள், மேகத்துக்கு நாங்கள் காத்திருக்கிறோம், இடையில் ஒரு பஸ் பயணம். 1880-களில் சென்னை கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி ஸ்மித் வானாய்வுக்கு இடம் தேடிப் பழனி மலையும் நீலகிரியும் ஏறி இறங்கியதும் இதே கவலையில்தான். 1899-இல் கோடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் அதனால் வந்தது. 1883-இல் கிரகடோவா எரிமலை வெடித்த தூசியால் சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்தபோது அதையும் விடாமல் குறித்துவைத்த மனிதர் இந்த ஸ்மித். பச்சைச் சூரியன்! எங்கள் டப்பாவிடம் அது சிக்கியிருந்தால் என்ன எழுதியிருக்கும்?

நேரமாகிவிட்டது, உங்களுக்குக் காட்ட வேண்டிய புதுச் சரக்கு ஒன்று பாக்கி. எங்கள் ஊர் ஒன்பதேகால் பாகை வடக்கே இருப்பதால் சித்திரை மாதப் பிறப்பை ஒட்டியும், மறுபடி ஆவணியிலும் உச்சிச் சூரியன் தலைக்கு நேராக நிற்கும். கம்பை நட்டால் நிழல் விழாது. எல்லோருக்கும் வேடிக்கை, டப்பாவின் கண்ணுக்கு ஆபத்து. நேர் மேலே பார்த்துக்கொண்டே இருக்கும் ஜீவன் அது. பங்குனி முடிவதற்குள் மூடி போட்டாக வேண்டும், ஆனால் மத்தியானம் மட்டும். தினமும் யார் ஏறி இறங்குவது?

இதோ. தேங்காய்ச் சிரட்டை பாதி, பொம்மைக் காருக்குப் போடும் சர்வோ மோட்டார் ஒன்று, ஐஸ்கிரீம் குச்சி ஒன்று, எம்-சீல். பதினொன்றரைக்குச் சிரட்டை தானாக எழும்பி வந்து கண்ணைப் பொத்தும், ஒரு மணிக்கு விலகும். கீழே தெருப்பிள்ளைகள் ஆறு பேர் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள், இதைப் பார்க்கத்தான். ஏல, சத்தம் போடாதீங்க, போடுறேன்.

டக்.

விழுந்துவிட்டது. எம்-சீல் இன்னும் காயவில்லை. சித்தி மகன் சிரட்டையைத் தேடி மிளகாய்க்குள் கையை விட்டிருக்கிறான், அந்தக் கையால் கண்ணைத் தேய்த்துவிடாதே என்று நான் கத்த, பிள்ளைகள் கேட்கிறார்கள்: "அண்ணே, இன்னொருக்கா!"